அயினிப் பலகையில் ஒரு கோல் உயர மேசை

கணினியில் வேலை பார்க்கிறவர்கள் மரவேலையில் இறங்கினால் முதலில் நடப்பது மரவேலை இல்லை, ஷாப்பிங். எந்த டேபிள் சா நல்லது, எந்தக் கிளாம்ப் வளையாது என்று காணொளி பார்த்தே ராத்திரிகள் கரைந்துவிடும். நண்பர்கள் சிலர் வீட்டில் உறை பிரிக்காத மெஷின்கள் இருக்கின்றன, மரத்தூளைத்தான் காணோம். இந்த மேசையைச் செய்து முடித்த பிறகு என்னிடம் யாராவது கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: மெஷினுக்கு முன்னால் சாணைக்கல் வாங்குங்கள். ஏன் என்பது கீழே வரும்.

வீடு வில்லுக்குறிப் பக்கம். வேலை கழக்கூட்டம் டெக்னோபார்க்கில். வாரத்தில் சில நாள் இரணியலில் ரயில் ஏறுவேன், மற்ற நாட்களில் வீட்டிலிருந்தே வேலை. அதற்கென்று வாங்கிய துகள்பலகை மேசையின் ஓரமெல்லாம் ஊறி, பொம்மிப் போயிருந்தது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. ஒட்டியிருக்கும் மேல்தாள் ஓரத்தில் லேசாக விலகினால் போதும், ஈரம் உள்ளே போய்விடும். ஒரு தடவை உப்பினால் பிறகு இறங்காது. நம் மாவட்டத்துக்கோ ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை.

மரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மாமா பழைய வீட்டைப் பிரித்தபோது மச்சில் கிடந்த அயினிப் பலகைகளும் இரண்டு கதவு நிலைகளும் மிஞ்சின. கிழக்கே போனால் அயினி என்றால் பலருக்குத் தெரியாது. பலாவின் சொந்தக்கார மரம், கேரளத்தில் ஆஞ்சிலி. அங்கே வள்ளத்துக்கும் வீட்டுக்கும் அதுதான். அறுத்த புதிதில் நல்ல மஞ்சளாக இருக்கும், வெளிச்சம் படப்படப் பழுப்பாகும். மாமா வீட்டுப் பலகைகள் புகையும் தூசியும் ஏறிக் கறுத்துக் கிடந்தன. ஒரு மூலையில் இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்ததும் உள்ளே தேன் நிறம் தெரிந்தது. அதற்குப் பிறகு வேறு மரத்தைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

யோசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே மலிவாகக் கிடைப்பது ரப்பர் தடி. குலசேகரம் பக்கம் தோட்டங்களில் இருபத்தைந்து முப்பது வருடம் பால் எடுத்துவிட்டு மரத்தை வெட்டிப் புதுக்கன்று வைப்பார்கள். இழைக்க நன்றாகத்தான் வரும். ஆனால் அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய கையோடு போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் ஏற்றி உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைத்து மாவாக உதிர்க்கும். மருந்து ஏற்றியது என்று நம்பிக்கையாகத் தெரிந்தால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம்.

பழைய மரத்தில் ஒரு லாபமும் ஒரு தொல்லையும் உண்டு. லாபம், அது எத்தனையோ மழையையும் கோடையையும் இதே ஊரில் பார்த்து அடங்கிய மரம். பச்சை மரமாக இருந்தால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் என்று காற்றாட அடுக்கிவைத்துக் காத்திருக்க வேண்டும். தொல்லை, ஆணி. அறுவை மில்லில் பழைய மரம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓர் ஆணி பட்டால் வாளின் பல் போய்விடுமே. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பலகை மேல் மெதுவாக ஓட்டி, இழுக்கும் இடமெல்லாம் சாக்பீஸால் குறித்துப் பிடுங்கினேன். தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணியை மரமே காட்டிக்கொடுக்கும்: இரும்பும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து, அதைச் சுற்றிக் கருநீலமாக ஒரு கறை இருக்கும்.

சரி, உளிக்கு வருகிறேன்.

பக்கத்துத் தெருவில் ஓர் ஆசாரி அண்ணாச்சி இருக்கிறார். இப்போது பெரிய வேலைக்குப் போவதில்லை. நான் வாங்கிவந்த புது உளியைக் கையில் எடுத்து, பெருவிரலால் குறுக்கே தடவிவிட்டுச் சிரித்தார். "மக்கா, இது உளியில்ல, உளிக்குள்ள இரும்பு. இனிதான் உளியாக்கணும்."

கடையில் விற்கும் உளி நேராக வேலைக்கு ஆகாது. முதலில் முதுகைச் சமமாக்க வேண்டும், அதாவது சரிவு இல்லாத தட்டைப் பக்கத்தை. முழு நீளத்துக்கும் வேண்டாம், முனையிலிருந்து இரண்டு விரல்கடை போதும். கல் இல்லாதவர்கள் தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் தெளித்து, வண்டிப் பெயிண்ட் கடையில் கிடைக்கும் கறுப்பு உப்புத்தாளை விரித்துக்கொள்ளலாம். தாளின் எண்கள் 220, 400, 800, 1200, கடைசியாக 2000. முதுகைத் தாளோடு ஒட்டப் படியவைத்துத் தேய்த்தால், படுகிற இடம் மட்டும் மங்கலாகும், படாத பள்ளம் பழையபடி மினுங்கும். அந்த மினுக்கம் முனைவரை இல்லாமல் போகும்வரை 220-ஐ விடக் கூடாது. பொறுமை போய் அடுத்த தாளுக்குத் தாவினால் பிறகு எல்லாம் வீண்.

அப்புறம் சரிவு. 25 பாகையில் பொதுச் சரிவு, முனையில் மட்டும் 30 பாகையில் ஒரு சிறு கீற்று. தேய்க்கத் தேய்க்க முனையில் உலோகம் மடங்கி மறுபக்கம் நீட்டும். முதுகுப் பக்கத்திலிருந்து முனையை நோக்கி விரலை வெளியே தள்ளித் தடவினால் நகத்தில் நூல் மாட்டியதுபோல் ஒரு பிசிறு தட்டுப்படும். அந்தப் பிசிறு முனையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை வந்தால்தான் கூர் முழுதாக வந்தது என்று பொருள். வராத இடத்தில் நாம் இன்னும் முனையைத் தொடவே இல்லை. பிறகு முதுகை மென்தாளில் ஒரு முறை இழுத்துப் பிசிறை எடுத்து, பழைய பெல்ட்டின் உட்புறத்தில் பச்சைப் பாலிஷ் தடவி இரண்டு பக்கமும் நாலைந்து தடவை இழுத்தால் முடிந்தது. அண்ணாச்சிக்கு இந்தத் தாள், கண்ணாடி எதுவும் வேண்டாம். நடுவில் குழிந்துபோன சாணைக்கல்லில் எச்சில் தொட்டுத் தேய்த்தே அதே கூரைக் கொண்டுவருகிறார். கோணம் அவர் மணிக்கட்டில் இருக்கிறது. நமக்கு அது வருவதற்குள், உளியைக் கோணத்தில் பிடித்து உருளும் சின்னச் சக்கர ஜிக் ஒன்று வாங்கிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்கக் கை முடியைச் சிரைத்துக் காட்டுவார்கள். அது எளிது. மென்மையான மரத்துண்டு ஒன்றின் குறுக்குவெட்டு முகத்தைச் சீவிப் பாருங்கள். மினுமினுப்பாக வந்தால் கூர். வெள்ளை வெள்ளையாகப் பொடிந்தால் மறுபடி தாளுக்குப் போக வேண்டும்.

இதை இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. மழுங்கிய உளிக்குப் பலம் கொடுத்துத் தள்ள வேண்டும். பலமாகத் தள்ளும் உளிதான் வழுக்கிக் கையில் ஏறும். விரலை வைத்துச் சோறு தின்கிறவர்கள் நாம். அதே காரணத்துக்காக இன்னொன்றும்: ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மரம் அறுக்கும் பிளேடு மாட்டுவதை நான் எந்த வீட்டில் பார்த்தாலும் கழற்றச் சொல்லுவேன். அந்த வேகத்துக்கு அது உண்டாக்கப்பட்டது இல்லை. மரத்தில் சிக்கினால் எகிறும், பிடிக்க நேரம் இருக்காது. மெஷினில் உப்புத்தாள் போட்டால் என்95 முகக்கவசமும் வேண்டும்.

அளவுக்கு வருவோம். மேசை உயரம் எவ்வளவு என்று நான் லேப்டாப்பில் வரைந்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி உள்ளே போய்த் தன் முழக்கோலை எடுத்துவந்து தரையில் நட்டார். "ஒரு கோல் வெச்சுக்க." பழைய திருவிதாங்கூர்ப் பக்கத்துத் தச்சுக் கணக்கில் 24 விரல் ஒரு கோல், ஒரு விரல் 3 சென்டிமீட்டர். ஆக ஒரு கோல் 72 சென்டிமீட்டர். அலுவலக மேசைகளின் வழக்கமான உயரம் 72 முதல் 75 சென்டிமீட்டர். மென்பொருளில் வரைந்த 73-ஐ அழித்துவிட்டு எல்லா அளவையும் விரலிலேயே போட்டேன். கால் இரண்டு விரல் சதுரம். பலகை இருபது விரல் அகலம், நாற்பது விரல் நீளம். கால்களை இணைக்கும் சுற்றுச் சட்டம் ஒரு விரல் தடிமன். தடிமன் 3 சென்டிமீட்டர் என்றானதும் காலில் எடுக்கும் துளையின் அகலமும் தானாகவே அமைந்துவிட்டது: அந்தத் துளைக்குள் நுழையும் சட்டத்தின் நுனிதான் நாக்கு, சட்டத்தின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு நாக்கு என்பது பொது விதி, கடையில் 10 மில்லிமீட்டர் உளி கிடைக்கிறது.

கால்கள் கதவு நிலையிலிருந்து வந்தன. காலில் துளை எடுக்கும்போது மேல்முனையில் நாலு விரல் நீளம் கூடுதலாக விட்டுவைத்தேன். விளிம்புக்கு மிக அருகில் கொத்தினால் மரம் பிளந்துகொள்ளும். வேலை முடிந்த பிறகு அந்தக் கூடுதல் கொம்பை அறுத்துவிடலாம். குறிப்பதற்குப் பென்சில் வேண்டாம், கத்தி. பென்சில் கோட்டுக்கே அரை மில்லிமீட்டர் அகலம். கத்திக் கோடு போட்டால் உளியின் முனை அதில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும், கண் வேண்டியதில்லை. கொட்டாப்புளியால் (மரச்சுத்தியலால்) தட்டும்போது சத்தத்தைக் கவனிக்கச் சொன்னார் அண்ணாச்சி. உளி நேராக இறங்கினால் கட்டையான ஒரு சத்தம், சாய்ந்தால் சற்றுக் கீச்சென்று. முதலில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. பிறகு மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டுத் துளை எடுக்கிற அளவுக்குக் காது பழகியது. (மேலாளர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

ஒவ்வொரு காலிலும் இரண்டு துளைகள் உள்ளே சந்திக்கும். அதனால் நாக்குகளின் நுனியை 45 பாகையில் சரித்து வெட்டினால் ஒன்றையொன்று முட்டாமல் ஆழமாகப் போகும். நாக்கின் அகலத்தை ரம்பத்தால் கோட்டுக்கு வெளியே அறுத்துவிட்டு, கோடுவரை உளியால் சீவுவதுதான் பத்திரம். கையால் அழுத்தினால் முக்கால்வாசி இறங்கி, மிச்சத்துக்குக் கொட்டாப்புளியின் இரண்டு தட்டு கேட்க வேண்டும். ஒரே அழுத்தில் விழுந்தால் தளர்வு, ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் கால் பிளக்கும்.

மரத்தில் கன்ட்ரோல்-ஸெட் (கணினியில் செய்ததை இல்லாமலாக்கும் Ctrl+Z) கிடையாது என்று ஐடி மரவேலைக்காரர்கள் எல்லாரும் ஒரு முறையாவது சொல்லிவிடுவார்கள். பாதிதான் உண்மை. குட்டையாக அறுத்தது குட்டைதான், சரி. ஆனால் மெலிந்துபோன நாக்கின் மேல் இழைப்புளிச் சீவலை ஒட்டித் தடிமனாக்கலாம், ஓட்டையில் அதே மரத்துண்டை நார் வாகு பார்த்துப் பதிக்கலாம், கறுத்த கறையைப் பலகையின் அடிப்பக்கமாகத் திருப்பலாம். பழைய கதவுகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், எத்தனை ஒட்டு வேலை இருக்கும் என்று.

மேல்பலகைதான் இந்த மேசையில் என் மூளையைக் கசக்கிய பகுதி. நாலு பலகையைப் பக்கவாட்டில் ஒட்டி 60 சென்டிமீட்டர் அகலம் கொண்டுவர வேண்டும். ஒட்டும் விளிம்புகள் இரண்டையும் புத்தகத்தை மூடுவதுபோல் முகத்தோடு முகம் மடக்கி, ஒன்றாகப் பட்டறையில் பிடித்து, ஒரே ஓட்டமாக இழைத்தேன். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்து ஓடினாலும் கவலை இல்லை. விரித்து வைத்தால் ஒரு பலகையின் சாய்வை மற்றதன் சாய்வு ஈடுசெய்து, பலகை மட்டமாக வரும். வடிவியலை நம்பி வேலையை விடும் இந்தத் தந்திரம் எனக்கு மொத்த வேலையிலும் ரொம்பப் பிடித்தது. வருடவளையங்களை ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகப் போட வேண்டுமா என்று பெரிய விவாதமே உண்டு. நான் அழகான முகங்கள் மேலே வரட்டும் என்று விட்டுவிட்டேன். பசை, தண்ணீர் தாங்கும் ஃபெவிகால் மெரைன். கிளாம்புகளை மேலொன்று கீழொன்றாக மாற்றி மாட்டினால் பலகை வில்லாக வளையாது. வழிந்த பசையை ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மரத்தின் நுண்துளைகளில் ஏறிக்கொள்ளும். ரப்பர் பதம் வந்ததும் உளியால் சுரண்டி எடுப்பது சுத்தம்.

இப்போது கணக்கு. மரம் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப வாங்கும், விடும். நம் ஊர் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காடு என்றால் மரத்துக்குள் ஈரம் ஏறத்தாழ 11 விழுக்காட்டில் நிற்கும். 80 என்றால் 15-க்கு மேல் போகும். நீளவாக்கில் மரம் அநேகமாக அசையாது, அகலவாக்கில்தான் விரியும். அமெரிக்க வனப்பொருள் ஆய்வகத்தின் அட்டவணையில் தேக்குக்கு, தட்டையாக அறுத்த பலகையில், ஈரம் ஒரு விழுக்காடு மாறினால் அகலத்தில் 0.00186 பங்கு என்று இருக்கிறது. 600 மில்லிமீட்டர் பலகை, நாலரை விழுக்காடு மாற்றம்: பெருக்கினால் 5 மில்லிமீட்டர். தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பெயர் எடுத்தது. அதற்கே அவ்வளவு என்றால், பத்திரத்துக்கு அயினிக்கு 8 என்று வைத்துக்கொண்டேன்.

இந்த 8 மில்லிமீட்டரைத் திருகாணி போட்டு நிறுத்தப் பார்த்தால் மரம் ஜெயிக்கும். பலகை வெடிக்கும் அல்லது சட்டம் பிரியும். பழைய கதவில் நடுப்பலகை சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது இதற்காகத்தான். நான் சுற்றுச் சட்டத்தின் உட்புறத்தில், மேல்விளிம்பிலிருந்து 12 மில்லிமீட்டர் கீழே, ஒரு காடி எடுத்தேன். எல் வடிவத்தில் சின்ன மரக்கட்டைகள் செய்து, அவற்றின் நாக்கு காடிக்குள் போக, உடம்பைப் பலகையின் அடியில் திருகினேன். நாக்கின் மேல் இடைவெளியை 11 மில்லிமீட்டராக விட்டதால் திருகத் திருகப் பலகை சட்டத்தோடு இறுகும். ஆனால் பக்கவாட்டில் வழுக்கும். முன்சட்டத்தில் மட்டும் பலகையை அசையாமல் திருகிவிட்டேன். அப்போது விரிவது முழுக்கப் பின்பக்கம் போகும், கை வைக்கும் விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குத் தகுந்தபடி மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடம் விட வேண்டும். கேபிள்களும் அந்த வழியாகவே இறங்கிவிட்டதால் பலகையில் ஓட்டை போடுகிற வேலை மிச்சம்.

இந்த மாவட்டத்திலேயே இருந்துகொண்டு இதெல்லாம் காணொளியில் மட்டும் பார்ப்பது அநியாயம். தக்கலைக்குப் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை தவிர்த்துப் போனால் பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்துக் கூரையில் ஒன்றுபோல் ஒன்றில்லாத 90 பூக்களையும், அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் பலா மரத்தில் கடைந்த தூணையும் பார்க்கலாம். எல்லாரும் பூவைப் பார்ப்பார்கள். நீங்கள் உத்தரம் தூணோடு சேரும் இடத்தைப் பாருங்கள்.

பூச்சுக்கு அண்ணாச்சியும் நானும் கொஞ்சம் வாக்குவாதப்பட்டோம். அவருக்கு ஸ்பிரிட் பாலிஷ்தான் பாலிஷ். ஆனால் அவரே, "மழ நாளு அடிக்காத மக்கா, வெளுத்துப் போவும்" என்றும் சொன்னார். உண்மைதான்: ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை மூட்டமாக நிற்கும். வெயில் வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் டபுள் பாயில்ட் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய்க்குப் போனேன். மெல்லிய கையாகத் தடவி, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு அடுத்த கை. மழைக்காலத்தில் ஒவ்வொரு கையும் உலர இரட்டிப்பு நேரம் கேட்கும். டீ கிளாஸ் வட்டம் விழும். விழட்டும், லேசாகத் தேய்த்து மறுபடி எண்ணெய் வைத்தால் போகும். வார்னிஷ் உரிந்தால் அப்படிச் சரிசெய்ய முடியாது.

இதில் ஓர் எச்சரிக்கையை மட்டும் சத்தமாகச் சொல்லுகிறேன்: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு கிளப்பும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழி இல்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

இழுப்பறை இன்னும் செய்யவில்லை. ஒட்டுப்பலகையில் அடித்தால் ஒரு நாள் வேலை, ஆனால் அயினி மிச்சம் இருக்கிறது. முகப்பு 12 சென்டிமீட்டர் உயரம் என்றால் அதே கணக்கில் தேக்குக்கே ஒரு மில்லிமீட்டர் அசைவு. கோடையில் சிக்கெனப் பொருத்தினால் ஆனி மழையில் திறக்காது. மழைக்காலத்தில் அளந்து இறுக்கமாகப் பொருத்தினால் மாசியில் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். திறக்காத இழுப்பறையைவிடத் தளர்ந்தது மேல். ஆகவே ஐப்பசி மழை நன்றாகப் பிடிக்கட்டும் என்று பலகையை மேசைக்கு அடியிலேயே அடுக்கிவைத்திருக்கிறேன். அண்ணாச்சியின் நீள இழைப்புளியை அதுவரை திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.